ஆறரை பஸ் என்றொரு கேம்

போன வாரம் கண்டியிலிருந்து கம்பளைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நல்ல மழை. ஷட்டர்களையெல்லாம் இழுத்து மூடியிருந்ததால் ஈரக்குடை நாற்றமும் டீசலும் யாரோ மடியில் வைத்திருந்த உழுந்து வடைப் பார்சலின் வாசனையும் ஒன்றாகக் குழம்பிப்போயிருந்தன. பக்கத்து ஸீட்டில் இருந்த பெண், வங்கியில் வேலை பார்ப்பவர் போலிருந்தது, போனைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பஸ் ஓட்டுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது என் கெட்ட பழக்கங்களில் ஒன்று. மனைவி எத்தனையோ தரம் முழங்கையால் இடித்தும் நான் திருந்தவில்லை. நல்ல கேம்தான். கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, வைப்பர் ஆடுகிறது, கண்டக்டர்கூட நிற்கிறார். ஒரு வளைவில் அந்தப் பெண் வேகமாகத் திருப்ப, ஓரத்தில் நடந்துபோன ஓர் ஆள் மீது பஸ் ஏறியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பஸ் அவரை ஊடுருவிக்கொண்டு போய்விட்டது. நான் முகத்தை ஷட்டர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நானும் ஒரு காலத்தில் பஸ் கேம் செய்தவன். தனியாக அல்ல. கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கம்பனி இருந்தது. கம்பனி என்றால் ஓர் அறை, நாலைந்து கம்பியூட்டர், கால் ஆடும் கதிரைகள். பின்னேரமானால் கீழேயிருந்து மீன் அடைத்த மாலுபாண் வேகும் வாசனை மேலே ஏறிவரும், அதற்குப் பிறகு யாருக்கும் வேலை ஓடாது. முதலாளி ஃபாரிஸ் நானா, எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி, கட்டாரில் இருந்து திரும்பிவந்தவர், நல்ல மனிதர், யார் என்ன சொன்னாலும் நம்புகிற மனிதர். நான் படம் வரைகிறவன். கம்பளையில் வாப்பாவின் புடவைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாப்பா, “மகன் கம்பியூட்டர் லைன்ல ஈக்கிறார்” என்று பெருமையடிப்பார். வீட்டுக்கு வந்தால் வேறு பேச்சு. “விளாட்றதுக்கு எவன்டா ஒனக்கு சம்பளம் தாரான்?” என்பார்.

அந்த பஸ்ஸை யோசித்தவன் யோகு. முழுப்பெயர் யோகராஜ். புசல்லாவைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன், எங்கள் புரோகிராமர். அதிகம் பேசமாட்டான், பேசினால் காரியத்துக்கு மட்டும். நான் முதன்முதலாக வரைந்துகொண்டுபோன பஸ்ஸைப் பார்த்து, “மச்சான், கதவ நடுரோட்டுப் பக்கம் வச்சிருக்கியே, இறங்குறவங்க எல்லாம் லொறியில அடிபட்டுச் சாகட்டும்னா?” என்று கேட்டான். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து வரைந்த வினை. என் மூடுபனியைப் பார்த்துவிட்டு, சலவைத்தூள் நுரை என்றான். ஒரு விடியற்காலை என்னைப் புசல்லாவைக்கு இழுத்துப்போய் ரோட்டோரத்தில் நிறுத்தி, “பாரு, இதுதான் பனி” என்று காட்டினான். குளிரில் பல் அடித்துக்கொண்டு நான் ஒன்றையும் பார்க்கவில்லை. பனி என்றாலே ஒன்றும் தெரியாததுதானே என்று பிறகு அவனுக்குச் சமாதானம் சொன்னேன்.

கேமின் பெயர் ‘ஆறரை பஸ்’. யோகு சின்னவனாக இருந்தபோது அவனுடைய அம்மா கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு கம்பளையில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்கு வந்து போனார். திரும்பிப் போக ஆறரைக்குக் கடைசி பஸ். ஒருநாள் மழையில் பஸ் அவரைக் கண்டும் நிற்காமல் போய்விட்டது. கையில் பெரிய மூட்டை வைத்திருந்தார், தோட்டத்து ஆள் என்று பார்த்ததுமே தெரியும். அதனால்தான் நிறுத்தவில்லை என்று யோகு உறுதியாகச் சொல்லுவான். பாதி தூரம் ஒரு மரக்கறி லொறியில் வந்து, மீதியை இருட்டில் நடந்தே முடித்திருக்கிறார். லயத்து வாசலில் காத்திருந்த யோகு, அம்மா வந்ததும் சந்தோஷப்படாமல் கோபித்துக்கொண்டானாம். “நிக்கிற பஸ் ஒன்னு செய்யணும் மச்சான்” என்றுதான் இந்தக் கதையை முடித்தான்.

அதனால் எங்கள் கேமில் வேகத்துக்குப் பரிசில்லை. அந்தப் புசல்லாவைப் பாதையில் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும், நல்ல டிரைவர் வளைவுக்கு முன்னாலேயே ஹோர்ன் அடிப்பார். விலகிப்போ என்பதற்காக அல்ல. மேலே தோட்டத்துப் படிக்கட்டில் யாராவது ஓடிவந்துகொண்டிருந்தால், ‘மெதுவா வா, நான் நிக்கிறேன்’ என்று சொல்வதற்காக. ஒரு வளைவில் கொடுத்த மருந்துப் பார்சலை அடுத்த வளைவில் காத்துநிற்பவரிடம் கொடுப்பார்கள். இதெல்லாம்தான் விளையாட்டு. ஹோர்ன் அடித்துவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் என்பதுதான் திறமை. யாரையாவது விட்டுவிட்டால் ‘தோற்றுவிட்டீர்கள்’ என்று வராது. விடப்பட்டவர் நடப்பார். அடுத்த ஓட்டத்தில், பனிக்குள், உங்கள் விளக்கு வெளிச்சத்தில் அவருடைய முதுகு தெரியும். நிறுத்தினால் ஏறிக்கொள்வார். நான் செய்த வேலைகளிலேயே பெருமைப்பட ஏதாவது இருந்தது என்றால் அதுதான்.

அப்படி நடந்துபோகிறவர்களில் ஒரு பெண்ணை யோகுவின் அம்மாவைப் பார்த்தே வரைந்தேன். கறுப்புக் குடை, அதில் ஒரு கம்பி மடங்கியிருக்கும், கையில் ரெக்ஸீன் பை. குரலும் அவருடையதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை யோகு அவரை அம்பிட்டியவுக்கு அழைத்துவந்தான். அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே போர்வையைத் தொங்கவிட்டு, அதற்குள் மைக்கை வைத்து, ‘தம்பி, கோயிலடியில நிப்பாட்டுங்க’ என்று சொல்லச் சொன்னோம். அவர் மைக்கை போன் என்று எடுத்துக்கொண்டார். போனில் பேசினால் முதலில் என்ன கேட்பாரோ அதைக் கேட்டார்.

“சாப்ட்டீங்களா தம்பி? மழ பெய்யுது, பாத்துப் போங்க.”

“அம்மா, அது போன் இல்ல. அந்தப் பக்கம் யாரும் இல்ல” என்றான் யோகு.

“யாரும் இல்லன்னா எதுக்குடா பேசச் சொல்ற?”

நாங்கள் சிரித்த சிரிப்பில் மைக் சரிந்து விழ, அவர் பதறி, “ஐயோ கடவுளே!” என்று கத்திவிட்டார். பிறகு அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாம் பதிவாகியிருந்தது. ‘சாப்ட்டீங்களா தம்பி’யை யோகு அப்படியே வைத்துக்கொண்டான். பஸ் நின்றதும், அவர் ஏறி, டிரைவரைப் பார்த்துக் கேட்பார். ஃபாரிஸ் நானா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, “இது ஒலகம் பூரா போகும், பாருங்கொ” என்றார். அன்றைக்கு எல்லோருக்கும் அவருடைய செலவில் மாலுபாண்.

உலகம் பூரா போக வேண்டுமானால் கொழும்பு வழியாகத்தான் போக வேண்டுமாம். கேமை வாங்கி வெளியிட ஒரு கம்பனி முன்வந்தது. அங்கிருந்து வந்தவர் தங்கமான பேச்சுக்காரர். பார்த்தார், பாராட்டினார், நடுவில் கொட்டாவி விட்டார். ஜனங்களுக்கு நிற்பது பிடிக்காது, ஓடுவதுதான் பிடிக்கும் என்றார். நிறுத்தங்கள் போயின. பார்சல்கள் போயின. நேரக் கடிகாரம் ஒன்று மூலையில் வந்து உட்கார்ந்தது. வளைவுக்கு வளைவு விளம்பரம் வந்தது. ஃபாரிஸ் நானா ஒவ்வொரு தடவையும், “கொஞ்சம் பொறுங்கொ, முதல்ல இது ஓடட்டும், அடுத்ததுல நம்மட எண்ணப்படி செய்வோம்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் கஷ்டம்.

பனியில் நடப்பவர்களை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை. பனி நன்றாக இருக்கிறது, ஆட்களும் நன்றாக இருக்கிறார்கள், வீணாக்கக்கூடாது என்று தடைகளாக மாற்றிவிட்டார்கள். ஒதுங்கி ஓட்ட வேண்டும். இடித்தால் ஆள் குடையோடு மேலே பறந்து விழுவார், நேரம் குறையும். இடிபடும்போது ஒரு சத்தம் தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் பதிவுகளைத் துழாவி, அந்த “ஐயோ கடவுளே”யை எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அதை முதன்முதலாகக் கேட்டது யோகுதான். பக்கத்து மேசையில் நான் வேறெதையோ வரைந்துகொண்டிருந்தேன். சத்தம் வந்ததும் நிமிர்ந்தேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்துபோய் ஃபாரிஸ் நானாவின் முன்னால் நின்றான்.

“நானா, அது எங்கம்மா.”

“எனக்கு வெளங்குது தம்பி. நான் செல்லிப் பாத்தேன். கையெழுத்து வச்சிட்டோமே, என்னத்த செய்ற?”

“நீங்க ஒன்னும் செய்ய வேணாம்.”

கம்பனி லெப்டொப்பை அவருடைய மேசையில் வைத்துவிட்டு, ஒரு பென்ட்ரைவ்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனான். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. பேக்கரிக்காரர் என்ன நடந்தது என்று கேட்க, கும்பிட்டுவிட்டுப் போனானாம்.

கேம் வெளிவந்தது. ஓடவில்லை. ‘விளம்பரத்துக்கு நடுவில் கொஞ்சம் பஸ்ஸும் வருகிறது’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஓடுகிற கேம்கள் ஆயிரம் இருக்கும்போது எங்கள் அரைகுறை ஓட்டம் யாருக்கு வேண்டும்? நிற்கிற கேம் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. ஃபாரிஸ் நானா கம்பியூட்டர்களில் இருந்ததையெல்லாம் அழித்து, அவற்றை விற்றுவிட்டு மறுபடியும் கட்டாருக்கே போய்விட்டார். நான் கல்யாணக் கார்ட் அச்சடிக்கிற இடத்தில் மயிலும் குத்துவிளக்கும் வரைய ஆரம்பித்தேன். யோகு கொழும்பில் வேலை எடுத்தான். எப்போதாவது பேசிக்கொள்வோம், பஸ்ஸைப் பற்றி மட்டும் பேசமாட்டோம்.

பிறகு அந்தப் பெருமழை. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்களும் எங்கேயாவது தண்ணீரைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்திருப்பீர்கள். யோகுவின் அம்மா சாமான் வாங்கக் கம்பளைக்கு வந்துவிட்டு பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். வழியில் ரோடு உடைந்துகிடந்தது. இதற்கு மேல் போகாது என்று டிரைவர் எல்லோரையும் இறக்கிவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. பலர் பஸ்ஸடியிலேயே நின்றார்கள். அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். நடந்து பழகியவர்தானே. வளைவைத் தாண்டுவதற்குள் மேட்டுநிலம் சரிந்து வந்து ரோட்டை மூடியது. பல நாட்கள் கழித்துத்தான் உடலை எடுத்தார்கள். முகத்தைக் காட்டவில்லை.

காரியம் முடிந்த பிறகு ஒரு பின்னேரம் யோகு எங்கள் வீட்டுக்கு வந்தான். வாப்பா அவனுடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். தேநீர்க் கோப்பையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு யோகு கேட்டான்.

“மச்சான், அந்தப் பழைய கேம் ஒங்கிட்ட இருக்கா? நிக்கிறது.”

“இல்லடா. எல்லாம் ஓஃபிஸ் கம்பியூட்டர்லதான் இருந்திச்சி.”

“அம்மா கொரல் எங்கயும் இல்லடா. வொய்ஸ் மெசேஜ் அனுப்பத் தெரியாது. கல்யாண வீடியோவுல எல்லாம் சும்மா சிரிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. தெனமும்தான் போன்ல பேசுவாங்க, அத யாரு புடிச்சி வச்சா?”

அலுமாரியில் என் பழைய போன் கிடந்தது. அதில் வெளியான கேம் இருந்தது எனக்குத் தெரியும். சொல்வதா வேண்டாமா என்று தடுமாறினேன். நான் தடுமாறியதிலிருந்தே அவனுக்கு விளங்கிவிட்டது. “பரவால்ல, எடு” என்றான்.

சார்ஜ் ஏறும்வரை இருவரும் அந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கேம் திறந்தது. விளம்பரங்கள்கூட வரவில்லை, போட ஆளில்லை போலும். யோகு ஓட்டினான். வளைவுகள், நான் வரைந்த பனி, மூலையில் கடிகாரம். பனிக்குள் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது, ஒரு கம்பி மடங்கியிருந்தது.

அவருடைய குரலைக் கேட்க வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது. அது இருவருக்கும் தெரியும்.

யோகு பிரேக்கை அழுத்தினான். பஸ் அவருக்குப் பின்னால் நின்றது. இந்தக் கேமில் யாரும் ஏறமாட்டார்கள், கதவே திறக்காது. அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்து பனிக்குள் போனார். நேரம் முடிந்து, தோற்றுவிட்டீர்கள் என்று வந்தது. மறுபடியும் தொடங்கினான். மறுபடியும் அதே வளைவில் நிறுத்தினான். ஹோர்னை மட்டும் ஒரு தடவை மெதுவாக அடித்தான். இருட்டி, மஃரிப் பாங்கு சொல்லும்வரை அப்படித் தோற்றுக்கொண்டே இருந்தான். பிறகு போனை என் கையில் தந்து, “வச்சிரு மச்சான். எனக்கு எப்பவாச்சும் முடிஞ்சா வந்து கேக்குறேன்” என்றான்.

அவன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, எதைச் சொல்லிக் கூப்பிடுவது? அம்பிட்டிய மாடியில் இப்போது ஒரு சலூன் இருக்கிறது. கீழே பேக்கரியும் இல்லை. யோகுவின் அம்மா பஸ்ஸுக்குக் காத்துநின்ற இடத்தை வெட்டி ரோட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், அங்கே எந்த பஸ்ஸும் நிற்பதில்லை. கேமை எங்கே தேடினாலும் வருவதில்லை, எடுத்துவிட்டார்கள். அந்த போனை நான் மாதாமாதம் சார்ஜ் போட்டு வைத்துத்தான் வந்தேன். சில மாதங்களுக்கு முன் பின்பக்கம் வீங்கியிருந்தது. கண்டியில் ஒரு கடையில் காட்டினேன். திறந்து பார்த்த பையன் உதட்டைப் பிதுக்கினான், உள்ளே இருந்த எதையும் எடுக்க முடியாதாம்.

அவருடைய குரலில் உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஓர் ஐயோதான். இப்போது அதுவும் இல்லை.