எல்லாத்துக்கும் சூடு

இதை எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். பத்தாப்பைத் தாண்டாதவன் எழுதி எவன் படிக்கப் போறான்? ஆனா நேத்து போடியில, நான் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுத்த மாடி ரூமைத் தாண்டி வந்தேன். பூட்டிக் கெடக்கு. மனசு கேக்கலை.

கீழ ஏலக்காய்க் கடை. வாசம் மேல ஏறி கீபோர்டுல எல்லாம் ஒட்டிக்கிரும். பழைய கம்ப்யூட்டருக, எல்லாத்துலயும் லினக்ஸ். அதுல பெரிய வேலை எதுன்னாலும் முன்னாடி 'சூடோ'ன்னு அடிச்சு, பாஸ்வேர்டு குடுக்கணும். அப்ப நாமதான் மொதலாளி. மெஷினு எதுத்துப் பேசாது. நம்ம பயலுக வாயில அது 'சூடு' ஆயிருச்சு.

"ஏலக்கா ஸ்டோர்ல காய் காயப் போடுறப்ப சூடு கூடுனா என்னடா ஆகும்?"னு பயலுககிட்டக் கேப்பேன்.

"பச்சை போயிரும்ணே."

"இங்கயும் அதான். தேவைக்கு மட்டும் சூடு."

குரங்கணி மலைக்கு ஜீப்பு ஓட்டுன என் கூட்டாளியும் எங்கிட்டப் படிக்க வந்தான்; பின்னாடி இருந்து, "நீ பத்தாப்புல நின்னதும் சூடு கூடித்தானா மாப்ளே?"ன்னான். ரூமே சிரிச்சுச்சு. என்ன சிரிப்பு அது!

ஜீப்பு ஓட்டி இடுப்பு போனவன் அவன். மலைமேல ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல வேலை பாத்துக் காட்டச் சொல்லியிருந்தாக. அது கெடைக்கலைன்னா மறுபடி ஜீப்புதான். ஒருநாள் காலையில போனு.

"மாப்ளே, காய் எடை ஏத்துன ஃபைலு தெறக்குது. மேனேஜரால ஒரு எழுத்து மாத்த முடியலை. நான் வேணும்னே பூட்டிட்டேனாம், ஜீப்புக்கே போங்கிறாரு."

"எப்படிடா அந்த ஃபைலைப் போட்டே?"

"எப்பவும்போல சூடு போட்டுத்தான்."

"டீ குடிக்கவும் சூடு போடுவியாடா?"

சூடு போட்டுச் செஞ்ச ஃபைலு மெஷினோட மொதலாளி பேருக்குப் போயிரும். சாதா ஆளு பாக்கலாம், தொட முடியாது. ஃபைலை ஆபீஸ் பேருக்கு மாத்துற கட்டளையை எழுத்தெழுத்தாச் சொன்னேன். "இதுக்கு மட்டுந்தான்டா சூடு. அப்புறம் சாதா ஆளாவே இரு. பாஸ்வேர்டு கேட்டா, எதுக்குக் கேக்குதுன்னு பாத்துட்டுக் குடு."

போன்ல மேனேஜர் கொரலு கேட்டுச்சு: "ஆங், ஏறுது, ஏறுது." வேலையும் நெலைச்சுச்சு.

இப்ப அவன் மலையை விட்டு எறங்குறதே இல்ல. 'அந்தச் சூடு பாஸ்வேர்டு இன்னும் உங்கிட்டதானாடா?'ன்னு நேத்து மெசேஜ் போட்டேன். வெரசா பதில் வந்துச்சு:

"மேனேஜர்கிட்டயே குடுத்துட்டேன் மாப்ளே, இனி பூட்டுனா அவரே பூட்டிக்கிரட்டும்."