ஈரத்தாள் பாய்

சுலைமான் பாய் இறந்துபோன செய்தி சென்ற வாரம் ஒரு தபால் கார்டில் வந்தது. கொடைக்கானல் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி எழுதியிருந்தார். மலையில் மழை போலிருக்கிறது, பாதி எழுத்துகளில் மை பரவியிருந்தது. 'அண்ணன் காலமாகிவிட்டார், நெஞ்சுவலி' என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது. அதற்குள் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. கார்டை நோட்டுக்குள் செருகிக்கொண்டு போய்ப் பின்னக் கணக்கு நடத்தினேன்.

அவரை 'ஈரத்தாள் பாய்' என்று சொன்னால்தான் கடைவீதியில் பலருக்குத் தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது இப்போது என் ஒருத்திக்குத்தான் முழுதாகத் தெரியும்.

ஏரிக்கு மேலே ஒரு வாடகை பங்களாவில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் விண்மீன்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் நான் கணக்குப் போடுபவள், பாய் படம் வரைபவர். பெரும்பாறை, ஆடலூர் காப்பித் தோட்டங்களுக்கு நிலப்படம் வரைந்து பெயர் வாங்கியவர் அவர். நான் எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும் வேலை. நீட்டிக்காவிட்டால் பழனியில் அப்பா பார்த்துவைத்திருந்த மாப்பிள்ளை.

மூடுபனிக் காலத்தில் வாரக்கணக்கில் ஜன்னலைத் திறக்க முடியாது. எதிரே இருக்கும் மரம்கூடத் தெரியாது. அந்த அறையில் தாள்கூடச் சுருண்டுகொள்ளும். பாய் தினமும் வெள்ளனே வந்து, கரி அடுப்பின் மேல் தாளைக் காட்டிக் காயவைத்த பிறகே பலகையில் விரிப்பார்.

நமது விண்மீன் மண்டலமான பால்வெளி ஒரு பெரிய தட்டு. அதன் வெளி விளிம்பில் உள்ள வாயு, வெயிலில் காய்ந்த அப்பளம்போல ஒரு பக்கம் மேலேயும் மறு பக்கம் கீழேயும் வளைந்திருப்பதை வெளிநாட்டார் அப்போதுதான் கண்டிருந்தார்கள். அங்குள்ள விண்மீன்களும் அப்படி வளைகின்றனவா என்பதே எங்கள் கேள்வி. வெளியே போய்ப் பார்க்க வழியே இல்லையா என்று பாய் ஒருநாள் கேட்டார். நாமும் தட்டுக்குள்தான் இருக்கிறோம், ஒவ்வொரு விண்மீனின் தூரத்தையும் உயரத்தையும் கணக்கிட்டுப் புள்ளி வைத்தால்தான் உருவம் தெரியும் என்றேன்.

"அப்ப நம்ம தம்பி கடை கதைதான். உள்ள கெடக்குறவனுக்கு வெளிய மாட்டுன போர்டு தெரியாது" என்று சிரித்தார்.

புள்ளிகளெல்லாம் வைத்து முடித்தபோது இரண்டு ஓரங்களும் வளைந்திருந்தன. பேராசிரியர் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். வாயு வளையலாம், விண்மீன் வளையாது என்பது அவர் எண்ணம். கணக்கு தப்பா, தாள் ஈரத்தில் இழுத்துவிட்டதா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மூன்று முறை சரிபார்த்த கணக்கு அது. ஆனாலும் நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தாளுதாங்கய்யா. ஈரத்துல இழுத்துருச்சு" என்றார் பாய்.

ஓரங்களை நேராக்கி வேறு படம் வரையச் சொன்னார் பேராசிரியர். பாய் வரைந்துகொடுத்தார். என் வேலையும் நீட்டிக்கப்பட்டது. பேராசிரியர் இதைக் காப்பித் தோட்ட முதலாளிகளிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். நிலப்படம் கேட்டு வருவது குறைந்து, பிறகு நின்றேபோனது. நான் தேயிலை வாங்க அவர் தம்பியின் கடைக்குப் போயிருந்த ஒரு நாள், அங்கே பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த பாயிடம் தம்பியே, "ஏண்ணே, பருப்பு மடிக்கவாவது காஞ்ச தாளா எடுத்துக் குடு" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மறுநாள் கேட்டேன்.

"உங்க கணக்கு தப்புன்னா நீங்க பழனிக்குப் போகணும். என் தாளு தப்புன்னா நான் எங்க போகப்போறேன்? இங்கனதான் கெடப்பேன்" என்றார்.

சில வாரம் கழித்து, துணியில் சுற்றி ஒரு கண்ணாடித் துண்டு கொண்டுவந்தார். கடையின் பிஸ்கட் அலமாரியில் இருந்து கழற்றியது. அத்தனை புள்ளிகளையும் அதன்மேல் மையால் மறுபடி வைத்திருந்தார்.

"கண்ணாடி ஈரத்துல இழுக்காது, பி.எஸ்ஸி. அம்மா. பாருங்க."

அதே வளைவு. இதைப் பேராசிரியரிடம் காட்டுங்கள் என்றேன். "கணக்கு உங்களுது. நீங்கதான் காட்டணும்" என்று என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் காட்டவில்லை. நாளைக்கு, அடுத்த வாரத்துக்கு என்று தள்ளிக்கொண்டே இரண்டு ஆண்டுகள் போயின. பேராசிரியர் பங்களாவைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அவரிடம் வேலை பார்த்ததைச் சொல்லித்தான் இந்தப் பள்ளிக்கூட வேலையும் எனக்குக் கிடைத்தது. கண்ணாடியைப் பற்றிப் பாய் ஒரு சொல்கூடக் கேட்டதில்லை.

அந்தக் கண்ணாடி என் ட்ரங்குப் பெட்டியில், ஒரு பழைய சேலைக்குள் இருக்கிறது. கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தால் இடப்பக்கப் புள்ளிகள் மேலே ஏறும், வலப்பக்கத்தவை கீழே இறங்கும். இனியும் அது என்னிடம்தான் இருக்கும். அவருக்குச் சேரவேண்டிய சொல்லையும் இத்தனை நாள் நானே வைத்திருந்தேன். அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கு அதை இங்கே சொல்கிறேன்: பாயின் தாளில் ஈரம் இல்லை. அன்று காலையும் அடுப்பில் காட்டிக் காயவைத்துத்தான் விரித்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.