அழுத்திப் பார்க்காத பட்டன்

மாடியில் இருந்த பெரியவரை வங்காள வழக்கப்படி காக்கு, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. இடது கைவிரல்கள் மட்டும் கொஞ்சம் அசையும். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருக்கும் வீடு அவருடையது. என் கணவருக்குக் கிடர்பூர் துறைமுகத்துக்கு மாற்றலானதில் இங்கே வந்தோம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் தூங்கும்போது அதில் செருகிய யூஎஸ்பி சாமான்கள் எப்படித் தூங்க வேண்டும், எதைத் தொட்டால் அது விழிக்க வேண்டும் என்று நிரல் எழுதுவதுதான் என் வேலை.

அதனால் காக்குவுக்கு நானே ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தேன். கட்டிலுக்கு எதிரே ஒரு திரை, கைக்கடியில் ஒரு பெரிய சிவப்பு பட்டன். திரையில் வங்காள எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது அவர் அழுத்துவார். சொல் முடிந்ததும் கம்ப்யூட்டர் அதை உரக்கச் சொல்லும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடும், பட்டனை அழுத்தினால் விழிக்கும்.

ஒரே ஒரு தொந்தரவுதான். ஆயா பெருக்கும்போது மேஜை இடிபட்டு மவுஸ் அசையும். உடனே திரை பளிச்சென்று எரிந்து காக்குவின் மதியத் தூக்கத்தைக் கெடுக்கும். "ஏதாவது பண்ணேன் மா" என்றார் அவர் மனைவி காக்கிமா.

தங்கை கல்யாணத்துக்கு மதுரைக்குக் கிளம்பிய அன்று மேலே போனேன். வாசலில் டாக்ஸி நின்றது. மவுஸுக்கு மட்டும் எழுப்பும் அனுமதியை எடுத்திருக்க வேண்டும். அதைத் தேடப் பொறுமையில்லாமல், எல்லா யூஎஸ்பி துளைகளையும் ஆளும் கன்ட்ரோலருக்கே அந்த அனுமதியை நீக்கிவிட்டேன். கம்ப்யூட்டரைத் தூங்கவைத்து மவுஸை ஆட்டினேன். திரை எரியவில்லை. "சரியாயிடுச்சு காக்கிமா" என்று சொல்லி இறங்கிவிட்டேன். பட்டன் காக்குவின் கைக்கடியில் இருந்தது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப மனமில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் டாக்ஸி போய்விடுமோ என்ற கவலைதான்.

மூன்றாம் நாள் காக்கிமா போன் செய்தார். கல்யாண வீட்டு இரைச்சல்.

"கம்ப்யூட்டர் எரியவே மாட்டேங்குது மா."

"நான் பார்த்துட்டுத்தானே வந்தேன். அது நல்லாத்தான் இருக்கு. காக்கு சரியா அழுத்தியிருக்க மாட்டார்."

அந்த மெஷினைத் தொடவே பயப்படும் காக்கிமா நான் சொன்னதை அப்படியே நம்பினார்.

பத்து நாள் கழித்துத் திரும்பியதும் மேலே போனேன். காக்கு என்னைப் பார்க்கவில்லை. பட்டன் பீரோ மேல் இருந்தது. அவர் ஆள்காட்டி விரலில் மருந்து தடவியிருந்தது.

"கையில இருந்த பலமும் போயிடுச்சு மா. அழுத்தி அழுத்தி விரல் புண்ணாயிடுச்சு, அதான் எடுத்து வெச்சுட்டேன். டாக்டர் கைக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கார்" என்றார் காக்கிமா.

பட்டனை எடுத்து என் கட்டைவிரலால் அழுத்தினேன். திரை இருட்டாகவே இருந்தது. மவுஸோடு சேர்த்துப் பட்டனின் எழுப்பும் அனுமதியையும் எடுத்திருக்கிறேன் என்று அப்போதே புரிந்துவிட்டது. சரிசெய்ய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பட்டனை அவர் கைக்கடியில் வைத்தேன். வெகுநேரம் அவர் அதைத் தொடவில்லை. பிறகு மெதுவாக எழுத்து சேர்த்தார். கம்ப்யூட்டர் சொன்னது: "ஜானலா."

ஜன்னல். மேற்கு வெயில் நேராக அவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. காக்கிமா ஓடிப்போய்ச் சாத்தினார். பத்து மதியமும் அவர் கேட்க நினைத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"என்ன ஆச்சு மா அதுக்கு?"

"ஏதோ கோளாறு. சரி பண்ணிட்டேன்."

காக்கிமா என் கன்னத்தைத் தடவி, ஒரு தட்டில் சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டேன்.

அந்த வாரம் என் வேலையே ஒரு மெஷினைத் திரும்பத் திரும்பத் தூங்கவைத்து, செருகியிருந்த ஒவ்வொரு சாமானும் அதை எழுப்புகிறதா என்று சோதிப்பதுதான். ஒவ்வொரு தடவை திரை எரியும்போதும் அந்த விரல் ஞாபகம் வந்தது. நான்கு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் மேலே போய், காக்கு பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னேன். "உங்க கைமேல தப்பில்ல. நான்தான் பண்ணினேன்."

அவர் என்னைப் பார்த்தார். பட்டனை அழுத்த ஆரம்பித்தார். மன்னித்துவிட்டதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"கொண்டா" என்றது கம்ப்யூட்டர். வங்காளத்தில் அது மணி, ஆளைக் கூப்பிட அடிக்கும் மணி.

சமையலறையிலிருந்து வந்த காக்கிமா, "மணி எதுக்கு?" என்றார். அவரிடமும் முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவ அழுத்திப் பார்த்திருக்கலாமே மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காளிகாட் சந்து ஒன்றில் ஒரு சின்னப் பித்தளை மணி வாங்கி, கயிறு கட்டி, கட்டில் சட்டத்தில் மாட்டினேன். விரலைக் கொஞ்சம் மடக்கினாலே அடிக்கும். இப்போது கம்ப்யூட்டர் விழித்திருக்கும்போதுகூட அவர் விரல் முதலில் கயிற்றுக்குத்தான் போகிறது. நான் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறேன்.