ஏழு மார்க் சக்ரபாணி

கனகவல்லி சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. ராமச்சந்திராபுரம் கம்பெனி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் இப்படி ஒரு சுபாவத்தோடு காலம் தள்ளினாள் என்றால் அதுவே பெரிய விஷயம். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்து உருதுவில் முடிப்பாள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் யாருடைய விளையாட்டும் செல்லாது. அவள் வார்டில் ஒருவருக்கும் படுக்கைப்புண் வரக் கூடாது.

அதற்காகத்தான் எண்பத்து மூன்றாம் வருஷம் நோயாளிகளுக்கு மார்க் போட ஆரம்பித்தார்கள். உடல்நிலை, நினைவு, நடமாட்டம், கைகால் அசைவு, மலஜலக் கட்டுப்பாடு எல்லாம் பார்த்து இருபதுக்கு இத்தனை என்று போடுவாள். மார்க் குறையக் குறையப் புண் வரும் ஆபத்து கூடும். வார்டில் இருந்ததோ ஒரே ஒரு காற்று மெத்தை. யாருக்கு ஆகக் குறைந்த மார்க்கோ அவருக்குத்தான் அது.

மார்க்கைக் கட்டில் தலைமாட்டில் எழுதி மாட்டினார்களே, அங்கேதான் வந்தது வம்பு. பிள்ளைகளின் ரிசல்ட் வந்த அன்று கம்பெனி பஸ்ஸில் நடக்கும் விசாரணை இப்போது தினமும் நடந்தது.

"சக்ரபாணி எவ்வளவு?"

"ஏழுதானாம்."

"அடப்பாவமே! ஜம்புநாதன் எட்டாமே!"

மெஷின் ஷாப் ஃபோர்மன் சக்ரபாணி மூளைக்காய்ச்சலில் நினைவில்லாமல் காற்று மெத்தையில் கிடந்தார். பக்கத்துக் கட்டில் ஜம்புநாதனின் மனைவி மங்களம், எட்டு மார்க்கைக் கழுத்தில் புதுச் சங்கிலி போட்ட மாதிரி சுமந்துகொண்டு திரிந்தாள். சக்ரபாணியின் மனைவி பட்டுவுக்கு வயிறு எரிந்தது.

"சிஸ்டர், இவர் டிப்ளமாவிலே ஃபர்ஸ்ட் கிளாஸ். ரெண்டு மார்க் கூடப் போடப்படாதா?"

"கூடாது மாமி, நக்கோ! இது அந்த மாதிரி மார்க் இல்ல!" என்று சொல்லிக் கனகவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தாளே தவிர, விளக்கிச் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம், பட்டு கட்டிலோரம் உட்கார்ந்திருக்க, டிரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "சக்ரபாணி சார், கேக்குதா?" என்று கூப்பிட்டாள்.

"ஹூம்."

கனகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னொரு தடவை சார்!"

"ஹூம்."

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இமை அசைந்ததா, உதடு அசைந்ததா என்று நின்று பார்க்கவில்லை. நினைவுக்கு ரெண்டு மார்க் கூட்டி ஒன்பது போட்டாள். காற்று மெத்தை ஜம்புநாதனுக்குப் போயிற்று. பட்டு பஸ் முழுக்கக் கல்கண்டு கொடுத்தாள்.

காலையில் சக்ரபாணியைப் புரட்டியபோது வால் எலும்பின் மேல் சிவந்திருந்தது. கனகவல்லி விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுக்கவேயில்லை. படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை டிரிப்பைப் பார்க்கவில்லை, அவர் உதட்டையே பார்த்தாள். "ஹூம்" என்றது பட்டுவின் தொண்டை.

"மாமி! நீங்களா?"

"பரீட்சையிலே தெரியாம முழிக்கறவருக்கு ஒரு பதில் எடுத்துக் கொடுத்தேன். அது ஒரு தப்பா?"

கனகவல்லி அவரை ஒருக்களித்துச் சிவப்பைக் காட்டினாள். "மார்க் ஏறினதாலதான் மெத்தை போச்சு மாமி. இது புண்ணா மாறி சீழ் வெச்சா, காய்ச்சல் விட்டாலும் இது இவரை விடாது. நானும் சரியாப் பாக்காம போட்டுட்டேன்."

பட்டு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மெத்தை அன்றே திரும்பி வந்தது. ஜம்புநாதனை மணி பார்த்துப் புரட்டிவிட நர்சுகளுக்குத் துணையாகப் பட்டுவே மங்களத்தோடு கை கொடுத்தாள். பஸ்ஸில் யாராவது கேட்டால், "இன்னிக்கும் ஏழுதான்!" என்று பெருமை வேறு.

சிவப்பு மெல்ல மங்கி மறைந்தது. அதற்கப்புறம் ஒரு மத்தியானம் கனகவல்லி தலையணையைச் சரி செய்கையில் சக்ரபாணி கண் திறந்தார். உதடு நிஜமாகவே அசைந்தது.

"பட்டு... தண்ணி..."

பட்டு பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். "ஐயோ, பேசாதீங்கோ! மார்க் ஏறிடும்! மெத்தையைப் பிடுங்கிண்டு போயிடுவா!"

கனகவல்லி சிரித்த சிரிப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் தாரைதாரையாக வழிந்தது.

"கையை எடுங்க மாமி," என்றாள். "மனுஷன் தண்ணி கேக்கறார்."