பின்பக்கமாக மலையேறிய ஜிப்ஸி

“நீங்க வர்றீங்களா, போறீங்களா?”

மாப்பிள்ளையின் சித்தப்பா வண்டி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு கேட்டார். என் பெரியப்பாவின் ஜிப்ஸி ஜீப்பின் பானெட்மேல் அவருக்கு நேர் எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் ஜூனா அத்தை. மறுபக்கம் ஆவி பறக்கும் செம்பு அண்டா. அதைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு சமையல்காரர் அஹத் வாசா. எங்கள் முகம் அவர்களைப் பார்த்திருந்தது. எங்கள் வண்டியோ அவர்களை விட்டு விலகி மலைமேல் போய்க்கொண்டிருந்தது. வருகிறோமா, போகிறோமா? எனக்குச் சிரிப்பு மட்டும் வந்தது.

என் பெரியப்பா பெயர் சோனாவுல்லா. காஷ்மீரில் எங்கள் தங்மர்க் வண்டி ஸ்டாண்டில் அவர் வந்தால் அவருக்கு முன்னால் அவர் குரல் வரும். சின்ன வயதில் குல்மர்க் மேட்டில் மட்டக்குதிரை ஓட்டினார். குதிரை வயதாகிப் படுத்ததும், ராணுவம் கழித்துவிட்ட ஒரு ஜிப்ஸியை ஏலத்தில் எடுத்தார். அதற்கு அவரே வெள்ளை பெயிண்ட் அடித்தார். கீறல் விழுந்த இடத்திலெல்லாம் இன்றும் பச்சை எட்டிப் பார்க்கும். குதிரைக்குப் போட்ட மணியைக் கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கிறார். வண்டி மேடு ஏறித் திணறினால் “ஹோ, ஹோ, நில்லுடா ராசா” என்று கதவைத் தட்டிக்கொடுப்பார்.

பனிக்காலத்தில் எங்கள் ஊர் ஆண்களுக்குப் பேச இரண்டு விஷயம் உண்டு. ஒன்று பனி. இன்னொன்று, அந்தப் பனியில் யார் வண்டி எப்படிப் போகும் என்பது. ரொட்டிக்கடை அடுப்போரம் உப்பு டீயோடு உட்கார்ந்து பெரியப்பா தீர்ப்பு சொல்வார்.

“சூமோ நீளம், கனம். பின் சக்கரத்துல மட்டும் சங்கிலி கட்டினா பின்னாடி தள்ளும், முன்னாடி திரும்பாது. நீ வளைவுல ஸ்டியரிங்கை ஒடிப்ப, அது நேரா போய் யார் தோட்டத்து ஆப்பிளையாவது பார்க்கும்.”

சூமோ வைத்திருக்கும் நபீருக்கு இது ஆகாது. “உன் ஜிப்ஸிய காத்தே தூக்கிட்டுப் போகும்ணே. அது வண்டியா, காத்தாடியா?”

“லேசா இருக்கறதாலதான்டா பனிமேல நடக்குது. உன்னுது முழங்கால் வரை புதைஞ்சு நிக்கும்.”

“தார் ஜீப்பு?”

“தார் நல்ல வண்டிதான். ஆனா பசங்க அழகுக்கு மாட்டற அந்தக் கட்டைப்பல் டயர் இருக்கே, ஈரப்பனி பல்லு இடுக்குல அப்பிக்கிச்சுன்னா சப்பாத்திக் கட்டை மாதிரி உருளும். மேல ஏத்தறது பெருசில்ல. இறக்கத்துல அத்தனை கனமும் முதுகுல ஏறி உந்தும். நாலு சக்கரமும் இழுக்கும்டா, ஆனா நிக்கறதுக்கு எல்லா வண்டிக்கும் அதே பிரேக்குதான்.”

“ஸ்ரீநகர்க்காரங்க ஆட்டோமேட்டிக் வண்டி?”

“அதுவா? எந்தச் சக்கரம் வழுக்குதுன்னு தானே கண்டுபிடிச்சு அதைப் பிடிக்கும். சரி. வழவழ டயர்ல நாலுமே வழுக்கினா? உட்கார்ந்து யோசிக்கும். நீயும் உள்ள உட்கார்ந்து யோசிக்கலாம், ஹீட்டர் நல்லா இருக்கும்.”

இப்படிப் பேசுகிறவர் மகள் மஹ்ஜபீனுக்கு நவம்பர் முதல் வாரத்தில் கல்யாணம் வைத்தார். பனிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நம்பினோம். ஆப்பிள் பெட்டிகள்கூட இன்னும் லாரி ஏறவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் பனி கொட்டியது. கனமான, ஈரமான பனி. முற்றத்தில் போட்ட பந்தல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வாசாவுக்கு அடுப்பு மூட்ட இடமில்லை. கடைசியில், மலையடிவாரத்தில் இருக்கும் மரவாடிக் கொட்டகையில் சமையலை வைத்துக்கொண்டோம். பெண் வீடு மேலே. கறி கீழே. நடுவில் வளைந்து வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதை போன்ற சாலை.

மதியத்துக்குள் மாப்பிள்ளை ஆகிப் தன் ஆட்களோடு வருகிறான். விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு சோறு வந்தது என்றால் போதும், மஹ்ஜபீன் பேரன் எடுத்த பிறகும் மாமியார் வீட்டில் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். அதனால் பெரியம்மா ரஹ்தி காலையிலேயே கட்டளை போட்டுவிட்டார்: “மாப்பிள்ளை கால் வாசல்ல படறதுக்கு முன்னாடி அண்டா உள்ள இருக்கணும். இல்லேன்னா நீங்க வீட்டுக்கு வர வேணாம், அந்த ஜிப்ஸியிலேயே குடும்பம் நடத்துங்க.”

நபீரின் சூமோ முதலில் கிளம்பியது. அதில் சோறும் சில்லறைக் கறிகளும். முதல் வளைவிலேயே அது பெரியப்பா சொன்னபடி செய்தது. பின் சக்கரச் சங்கிலி சடசடவென்று தள்ள, முன் சக்கரம் காது கேட்காததுபோல் நேரே போய் பசீர் தோட்டத்து வேலியில் மூக்கை நுழைத்தது. ஒருவருக்கும் அடியில்லை. சோறும் சிந்தவில்லை. பையன்கள் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தே மேலே போனார்கள். பெரியப்பாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

“நான் சொன்னேனா இல்லையா! சொன்னேனா இல்லையா!”

“அண்ணே, முதல்ல என்னை இழுத்து விடு. அப்புறம் ஆடு” என்றான் நபீர்.

“நேரமில்ல. அண்டா ஆறுது!”

சிவப்புக் குழம்பில் கறியுருண்டை மிதக்கும் ரிஸ்தா அண்டாவும், தயிர்க் குழம்பில் உருண்டை வெந்த குஷ்தாபா அண்டாவும் எங்கள் ஜிப்ஸியின் பின்னால் இருந்தன. ஆள் தலையில் தூக்கிப் போகிற கனமில்லை அவை. அந்தச் சந்தோஷத்தில் பெரியப்பா வண்டியை விரட்டினார். பனிக்கடியில் ஒளிந்திருந்த கல்மேல் ஏறி இறங்கியது வண்டி. கீழே படார் என்றது. பிறகு ஏதோ இரும்பு தரையை உழுதுகொண்டே வந்தது.

பெரியப்பா வண்டிக்கடியில் நுழைந்தார். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களிடம் வாசா கேட்டார், “என்னாச்சு?”

“பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் போச்சு. ஜாயிண்ட் உடைஞ்சிருக்கு.”

“அப்ப என் கறி?”

“பின்னாடிதானே போச்சு. முன் சக்கரம் இருக்குல்ல. ஸ்பானரைக் குடு.”

ஷாஃப்ட்டைக் கழற்றி, எண்ணெய் சொட்டும் ஓட்டையில் வாசாவின் தோள் துண்டைத் திணித்தார். முன் சக்கரத்தையும் இழுக்க வைக்கிற கம்பைத் தாழ்ந்த கியருக்குத் தள்ளிக் கிளம்பினார். முன் சக்கரங்கள் இரண்டும் விர்ர் என்று சுற்றின. வண்டி நகரவில்லை. மேட்டில் நிற்கிற வண்டியின் கனம் முழுக்கப் பின்னால் இறங்கிவிடுகிறது. அங்கே அண்டா வேறு. இழுக்கிற சக்கரமோ முன்னால், காற்றைப் பிடித்த மாதிரி லேசாக. எதுவும் ஒட்டவில்லை. மெல்ல, மிக மெல்ல, வண்டி பின்னால் வழுக்கத் தொடங்கியது.

“ஹோ ஹோ ராசா!” என்றார் பெரியப்பா. ராசா கேட்கவில்லை. தட்டாமாலை சுற்றுவதுபோல் அரைச் சுற்று சுற்றி, மூக்கைப் பள்ளத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு ஒரு பனிமேட்டில் சாய்ந்து நின்றது. ரிஸ்தாக் குழம்பில் ஒரு கரண்டி பனியில் சிவப்பாகத் தெறித்தது. வாசா மார்பில் அடித்துக்கொண்டார்.

வேலிக்குள் இருந்து நபீர் சத்தம் போட்டான்: “அண்ணே, உன் வீடு அந்தப் பக்கம் இல்ல, மேல இருக்கு!”

பெரியப்பா முகம் வெளுத்துப்போயிருந்தது. வண்டியைப் பனிமேட்டிலிருந்து எடுக்கலாம் என்று ரிவர்ஸ் போட்டார். வண்டி மேட்டை விட்டு வந்தது. வந்ததோடு நிற்கவில்லை. பின்பக்கமாக, சாலையில், மேல்நோக்கி, ஆட்டுக்குட்டி மாதிரி குறுகுறுவென்று ஏறியது.

எல்லோரும் பார்த்தோம். பெரியப்பா பிரேக் போட்டார். தலையை வெளியே நீட்டினார்.

“ஏறிச்சா?”

“ஏறிச்சு!” என்று கத்தினோம்.

“மூக்கு கீழ இருக்கில்ல! கனமெல்லாம் மூக்குமேல! மூக்குதானே இழுக்குது! அடியே ஜூனா, ஓடி வா, மூக்குமேல ஏறு!”

அத்தை ஒரு டீ கொதிக்கும் நேரம்கூடச் சும்மா உட்கார்ந்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அன்று அவளுக்குக் கொடுத்த வேலையே உட்காருவதுதான்.

“ஏன், ஊர்ல வேற கனமே இல்லையா?” என்றாள் அத்தை.

“உன்னளவுக்கு நம்பிக்கையான கனம் இல்ல.”

அத்தை திட்டிக்கொண்டே ஏறினாள். பானெட் ஒரு முறை முனகியது. ஒரு அண்டாவைப் பின்னாலிருந்து இறக்கி முன் சீட்டில் வைத்தோம். இன்னொன்றைக் கயிறு போட்டு பானெட்மேல் கட்டினோம். “என் கறியை விட்டுட்டு நான் எங்க போவேன்?” என்று வாசா அதோடு ஏறிவிட்டார். மிச்சமிருந்த இடத்தில் என்னைத் தூக்கிப் போட்டார்கள். பெரியப்பா கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியே பார்த்தபடி ஓட்ட ஆரம்பித்தார். நாங்கள் மூவரும் போகிற திசையைப் பார்க்காமல், விட்டுவந்த திசையைப் பார்த்தபடி மலை ஏறினோம்.

அப்போதுதான் கீழே மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. பெரிய ஆட்டோமேட்டிக் வண்டி மரவாடி மேட்டிலேயே உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கிவிட்டது. ரோஜா மாலை போட்ட தார் மட்டும் எங்கள் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, ஒரு ஜிப்ஸி ஆட்களையும் அண்டாவையும் மூக்கில் சுமந்துகொண்டு தங்கள்மேல் சறுக்கி வருவதாகத் தெரிந்திருக்கிறது. ஹாரன் அடித்தார்கள். நிறுத்தினார்கள். நாங்கள் நெருங்கவில்லை. மறுபடி கிளம்பினார்கள். அப்போதுதான் சித்தப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அத்தை அவரைவிடப் பெரிய குரலில் சொன்னாள்: “வரவேற்கறோம்ங்க! வாங்க, வாங்க!”

சொன்னதோடு நிற்கவில்லை. வாசலில் நின்று மாப்பிள்ளைக்குப் பாட வேண்டிய பாட்டை அங்கேயே எடுத்துவிட்டாள். நானும் சேர்ந்தேன். வாசா அண்டா மூடியில் தாளம் போட்டார். தாரின் கண்ணாடிக்குப் பின்னால் ஆகிப் தலைப்பாகையோடு சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களையே பார்த்தான். வழியெல்லாம் நாங்கள் நேருக்கு நேர்.

வால்நட் மர வளைவில் சாலை நிமிர்ந்து நிற்கும். அங்கே ஜிப்ஸியின் முன் சக்கரங்கள் மறுபடி சுற்ற ஆரம்பித்தன. பாட்டு நின்றது. மேலே வீட்டு மாடியிலிருந்து பெரியம்மா பார்ப்பது தெரிந்தது.

“இன்னும் கனம் வேணும்!” உள்ளே இருந்து பெரியப்பா அலறினார். “யாராவது ஏறுங்க!”

சித்தப்பா சொன்னார், “டேய், உள்ளேயே இரு. மாப்பிள்ளை நீ.”

ஆகிப் கதவைத் திறந்து குதித்துவிட்டான். பளபளக்கும் செருப்போடு பனியில் வழுக்கி, எழுந்து, ஓடி வந்து பானெட்டைப் பிடித்தான். “எங்க உட்காரட்டும் அத்தை?”

“மடியிலயா உட்காருவ? அந்த பம்பர்மேல நில்லுப்பா. அண்டாவைப் பிடிச்சுக்கோ. தலைப்பாகையைக் குழம்புல விட்டுடாதே.”

சக்கரம் பிடித்தது. ஜிப்ஸி ஒரு குலுக்குக் குலுக்கி ஏறியது. கடைசி மேட்டில் ஊரே நின்று கூவியது. அதன் பின்பக்கம்தான் முதலில் வாசலைத் தொட்டது.

ஆகிப் இறங்கக் காலைத் தூக்கினான்.

“தரையில கால் வைக்காதே!” பெரியம்மா மாடியிலிருந்து போட்ட சத்தத்தில் கூரைப்பனி சரிந்தது. “அண்டா முதல்ல!”

ஆகிப் ஒற்றைக் காலில் பம்பர்மேல் நின்றான். பையன்கள் ஓடிவந்தார்கள். ரிஸ்தா இறங்கியது. குஷ்தாபா இறங்கியது. இரண்டும் வாசற்படியைத் தாண்டி உள்ளே போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பெரியம்மா தலையசைத்தார். மாப்பிள்ளை தரையில் கால் வைத்தான். பெரியப்பா வண்டியை விட்டு இறங்கினார். கழுத்து திரும்பியது திரும்பியபடியே நின்றுவிட்டது. அப்படியே பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் கட்டித் தழுவினார்.

“இந்தப் பக்கம் பாருங்க சம்பந்தி” என்றார் சித்தப்பா.

“நாளைக்குப் பார்க்கறேன்” என்றார் பெரியப்பா.

கறி சூடாக இருந்தது. யாரும் எதையும் சொல்லிக்காட்ட முடியாது.

ஆனால் நபீர் ஸ்டாண்டில் வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். பெரியப்பாவுக்கு ரிவர்ஸ் தவிர வேறு கியர் தெரியாதாம், அதனால்தான் அப்படி வந்தாராம். அவன் கதை இப்போது பாரமுல்லா வரை போய்விட்டது. அதனால் இந்தக் கதையைப் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை நீங்களும் பனி தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் சொல்லுங்கள். அவன் கதையைவிட எங்கள் கதை வேகமாகப் போக வேண்டும்.