ஊசி வேண்டாம் என்பதற்கு எத்தனை சாட்டு

ஒரு சுகாதாரப் பரிசோதகனுக்கு ஊசி போட ஒரு நிமிடம் போதும். அந்த ஊசி தேவையில்லை என்பவரின் வாசலில் நிற்கத்தான் நாள் போதாது. நீங்களும் பள்ளிக்கூட வாத்தியாராகவோ, விவசாயப் போதனாசிரியராகவோ, ஒரு பிடிவாதக்காரரின் மருமகனாகவோ இருந்திருந்தால் இந்தப் பாடு தெரிந்திருக்கும். வலது கையில் அத்தாட்சியை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். எதிரில் இருப்பவர் உங்கள் இடது கையைப் பார்த்துக் கேள்வி கேட்பார்.

எழுபதுகளின் கடைசியில், சூறாவளி அடித்து ஓய்ந்த அடுத்த வருஷம், கிழக்கிலங்கையின் சம்மாந்துறையில் எனக்கு முதல் நியமனம். வீடு கல்முனையில். தினமும் சைக்கிளில் போய்வருவேன். என்னோடு வேலை செய்தவர் வீரமுனையைச் சேர்ந்த, பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது கமலாதேவி. என்னைவிடப் பத்து வயது மூப்பு. நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார். குக்கல் என்கிற கக்குவான் இருமல், தொண்டையை அடைக்கும் தொண்டைக்கரப்பான், உடம்பை விறைக்கவைக்கும் ஏற்புவலி மூன்றுக்கும் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் போடும் முக்கூட்டு ஊசிதான் எங்கள் பெரிய வேலை.

ஊசியைத் தட்டிக்கழிக்கச் சனம் சொல்லும் சாட்டுகளை நான் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். முதலில் ஆத்திரத்தில் எழுதியதுதான். ஒரு வருஷம் போனபிறகு புரட்டிப் பார்த்தால், ஆட்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். சாட்டுகளோ ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. ஒரே சாட்டு ஒருவரிடம் சாரம் உடுத்திக்கொண்டு வரும், இன்னொருவரிடம் காற்சட்டை போட்டுக்கொண்டு வரும். ஆளை விட்டுச் சாட்டைப் பார்க்கப் பழகியதும் எனக்கு ஆத்திரம் பாதி குறைந்தது.

ஏழு பிள்ளைகள்

சைனம்பு ராத்தா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசல் படலையைத் திறக்காமலே கதைத்தார். "என்ட ஏழு புள்ளையும் ஊசி இல்லாமத்தான் வளந்த. ஒண்டுக்காவது ஏதும் நடந்தா?" புதிதாகப் படித்து வந்த சூடு எனக்கு. கிருமி, எதிர்ப்புச் சக்தி என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "புள்ளைகள் கண்ணுக்கு முன்னால நிக்கிது, சேர். உங்கட கிருமிய நான் காணல்ல" என்றார். உண்மைதான், படலைக்குப் பின்னால் மற்ற ஆறு பேரும் உயர வாரியாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கமலாக்கா குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று கேட்டார்: "ராத்தா, நீங்க பெத்தது எத்தன?" சைனம்பு ராத்தா இடுப்புப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். பிறகு "ஒம்பது" என்றார். நாலாவதும் ஆறாவதும் குக்கலில் போய்விட்டன. ஒன்று பிறந்து நாற்பது நாள் கழிந்து கொஞ்ச நாளில், மற்றது தவழத் தொடங்கிய பிறகு. இருமி இருமி முகம் நீலமானதை அவர் சொல்லச் சொல்ல, நான் சைக்கிள் மணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடும் வாதம் அது. அந்த இரண்டையும் நினைக்காமல் இருப்பதற்காகவே அவர் அப்படிச் சொல்லிப் பழகியிருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. அவர் படலையைத் திறந்து, பிள்ளையைக் கமலாக்காவின் கையில் கொடுத்தார்.

"அந்த ரெண்டையும் நான் எண்ணுறல்ல, புள்ள. எண்ணினா கதை மாறிப்போகுது."

வெள்ளைக் கோட்டு

சந்தையில் ஒரு மருந்து வியாபாரி இருந்தார். வான் வண்டியின் மேல் ஒலிபெருக்கி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், உடம்பில் வெள்ளைக் கோட்டு. எங்கே படித்தீர்கள் என்றால் கடல் கடந்த ஊர் ஒன்றைச் சொல்வார். கிழமைக்குக் கிழமை அந்த ஊர் மாறும். முக்கூட்டு ஊசி பிள்ளைகளின் எலும்பை உருக்கிவிடும் என்றும், தன் எண்ணெயைத் தடவினால் குக்கல் கிட்டவும் வராது என்றும் அவர் முழங்கிய மறுநாள், எங்கள் கிளினிக்குக்கு வந்தது மூன்றே பிள்ளைகள். அத்தனை டொக்டர்மாரும் ஒன்றாகச் சொல்வதை விட்டுவிட்டு, கோட்டுப் போட்ட ஒருவர் மாற்றிச் சொல்வதைச் சனம் பிடித்துக்கொண்டது. அந்தக் கோட்டை அவருக்கு யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் சந்தைக்கே போய் அவரோடு மல்லுக்கட்டிப் பார்த்தேன். அவரிடம் ஒலிபெருக்கி இருந்தது. என்னிடம் தொண்டை மட்டும்தான்.

இரண்டு கிழமை கழித்து, சவளக்கடைப் பக்கம் குக்கல் பரவுகிறது என்று செய்தி வந்தது. அன்று கிளினிக்கின் பின்கதவைத் தட்டியவர் அதே ஆள். கோட்டைக் காணவில்லை. கையில் ஐந்து மாதப் பெண்பிள்ளை. ஒருவருக்கும் தெரியாமல் ஊசியைப் போட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார். அவருக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. கமலாக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "கட்டாயம் போடுவம். ஆனா பின்கதவால ஒருத்தருக்கும் போடுறல்ல. முன்னுக்கு வந்து வரிசையில நில்லுங்க" என்றார்.

அவர் வந்து நின்றார். முன்னும் பின்னும் அவரிடம் எண்ணெய் வாங்கிய தாய்மார். ஒருத்தி அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, "என்ன டொக்டர், எலும்பு உருகாதா?" என்று கேட்டாள். அவர் குனிந்து பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தார். அடுத்த கிளினிக்கில் எங்களுக்கு உட்கார வாங்குப் பலகை போதாமல் போனதற்கு, அவர் அன்று சொன்ன பதில்தான் காரணம்.

"அது யாவாரக் கதை, தங்கச்சி. இது என்ட புள்ள."

ஹாஜியார் கேட்ட கையெழுத்து

ஊரில் பெரிய நெல்லு மில் ஒரு ஹாஜியாருடையது. மில்லில் வேலை செய்யும் குடும்பங்கள் எல்லாம் அவர் வாயைப் பார்த்துத்தான் நடக்கும். வேலையாட்கள் நெல் மூட்டைகளில் அமர்ந்திருக்க, என்னைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, விசாரணையைத் தொடங்கினார்.

"ஊசி போட்டா காய்ச்சல் வருமா, தம்பி?"

"ஓம், ஒரு நாள் வரும்."

"போட்ட புள்ளைக்கு அந்த நோய் வரவே வராதா?"

"கொஞ்சப் பேருக்கு வரலாம், ஹாஜியார். வந்தாலும் உசிருக்கு மோசம் குறைவு."

"அப்ப ஒருத்தருக்கும் வராது எண்டு எழுதிக் கையெழுத்து வெச்சுத் தாங்க. இண்டைக்கே எல்லாப் புள்ளைகளையும் அனுப்புறன்."

முடியாது என்றேன். மூட்டைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை, வென்றவருக்குச் சிரிக்கத் தேவையில்லை. உலகத்தில் எவராலும் தரமுடியாத ஒன்றைக் கேட்டு, அது கிடைக்கவில்லை என்பதையே தீர்ப்பாக்கிவிடும் வித்தை அது. வீடு போய்ச் சேரும்வரை எனக்கு நல்ல பதில்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. உங்களுக்கும் அப்படித்தானே வரும்?

பெரும்போக விதைப்புக் காலத்தில் மறுபடியும் போனேன். மில் முற்றத்தில் விதைநெல் சாக்குகளில் ஊறிக்கொண்டிருந்தது. "இதெல்லாம் முளைக்குமா, ஹாஜியார்?" என்று கேட்டேன். "எங்க தம்பி, கொஞ்சம் குருவி தின்னும், கொஞ்சம் அழுகும். வெள்ளம் வந்தா அதுக்கு மேலயும் போகும்" என்றார். "எல்லாம் முளைக்கும் எண்டு கையெழுத்து வாங்காமலா விதைக்கிறீங்க?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தேன். குனிந்து ஒரு சாக்கைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு, வியாழக்கிழமை கிளினிக்கை மில் கொட்டகைக்குள்ளேயே வைக்கலாம், மேசையும் வாங்கும் தான் தருவதாகச் சொன்னார். நன்றி சொல்ல நான் வாய் திறந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நான் நம்பிட்டன் எண்டு நினைக்காதீங்க, தம்பி. வெளியில மழை, புள்ளைகள் நனையும்."

என் பெயருக்கு ஒரு பக்கம்

ஊராரின் சாட்டுகளை எழுதிய நான், அந்தக் காலத்தில் விடாமல் சிகரெட் ஊதுகிறவன். ஒரு மழைக்காலம் முழுக்க இருமல் விடவில்லை. ஆஸ்பத்திரி டொக்டர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, சிகரெட்டை நிறுத்தச் சொன்னார். கிளினிக்கில் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி ஊசிகளை அவித்துக்கொண்டிருந்த கமலாக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நிப்பாட்டுறீங்களா?" என்று கேட்டார்.

எங்கள் மாமா கடைசிவரை சுருட்டுக் குடித்தவர், ஒரு நாள் படுக்கையில் கிடந்ததில்லை என்றேன். இந்த இருமல் சிகரெட்டால்தான் என்று டொக்டரால் அடித்துச் சொல்லமுடியுமா என்றேன். கல்முனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் நண்பன், அளவாகக் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று சொன்னதையும் சொன்னேன். என் குரலில் சைனம்பு ராத்தாவும் ஹாஜியாரும் மருந்து வியாபாரியும் முறைக்கு ஒருவராகக் கதைப்பது எனக்குக் கேட்கவே இல்லை. கமலாக்காவுக்குக் கேட்டது. கையைத் துடைத்துவிட்டு, மேசையிலிருந்த என் கொப்பியை எடுத்தார், பேனையைத் திறந்தார். சிகரெட்டை விட எனக்கு அதன்பிறகும் ஒன்றரை வருஷம் பிடித்தது. ஆனால் சாட்டுச் சொல்வது அன்றோடு நின்றது. இன்னொருவரின் சாட்டுக்கு முகம் சுளிப்பதும் நின்றது.

"உங்கட பேர எந்தப் பக்கத்தில எழுத, தம்பி? மூண்டுக்கும் பொருந்துது."

அவர் எடுத்த குப்பி

எண்பதுகளின் நடுவில் நான் கல்முனைக்கு மாற்றலாகி வந்திருந்தேன். அயலூர்கள் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிய காலம். அரசாங்க முத்திரை குத்திய எதையும் சனம் இரண்டு தரம் புரட்டிப் பார்க்கும். அப்போது ஒரு கதை பரவியது: இந்த ஊசி பெண்பிள்ளைகளைப் பிற்காலத்தில் பிள்ளை பெறாமல் ஆக்குவதற்கு அனுப்பப்பட்டது என்று. அதை உறுதியாகச் சொன்னவர் றசீக். வெளிநாட்டில் இரண்டு வருஷம் வேலைசெய்து வந்தவர். நல்ல மனுசன், பத்திரிகை வாசிக்கிறவர்.

"அப்படி ஒண்டும் இல்ல, றசீக்" என்றேன். "இல்லை எண்டுதான் உங்களுக்குச் சொல்லச் சொல்லியிருப்பாங்க" என்றார். மருந்தோடு வந்த தாளைக் காட்டினேன். "தாள் அடிச்சதும் அவங்கதானே" என்றார். எந்த ஆதாரத்தை உள்ளே போட்டாலும், அது சதிக்கு இன்னொரு சாட்சியாக வெளியே வந்தது. இதைச் சொல்லால் வெல்லமுடியாது என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் பயப்படச் சனத்துக்கு நியாயமான காரணங்களும் இருந்தன. ஆகவே அவரை முட்டாள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் மூன்று மாத மகளுக்கு அந்தக் கிழமை ஊசி போடவேண்டும். மனைவியிடம் யோசனையைச் சொன்னேன். "எப்படியும் போடத்தானே வேணும், எல்லாரும் பாக்கப் போடுவம்" என்றாள். கிளினிக்கில் குளிர்ப்பெட்டியை றசீக்கின் முன்னால் திறந்து வைத்து, "நீங்களே ஒரு குப்பிய எடுங்க" என்றேன். மேலே இருந்தவற்றை அவர் தொடவில்லை. கையை அடிவரை விட்டு, மூலையிலிருந்து ஒன்றை எடுத்தார். அதிலிருந்துதான் மகளுக்குப் போட்டோம். அவள் வீரிட்டு அழுதாள். மனைவி தோளில் போட்டுத் தட்டினாள். றசீக் குப்பியையும் என் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் யோசிக்கோணும்" என்றார்.

சுவரோரம் நின்றிருந்த அவருடைய மனைவி முன்னுக்கு வந்தார். மேசைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஆறுமாத மகளின் சட்டையைத் தளர்த்தினார்.

"அவர் யோசிக்கட்டும், சேர். குப்பியில மிச்சம் இரிக்கிதானே, இவளுக்குப் போடுங்க."

அதன் பிறகு என் பகுதியின் நோய்ப் பதிவில் குக்கலுக்கென்று ஒதுக்கிய பக்கம் மெல்ல மெல்ல வெறுமையாகியது. சில மாதங்களில் ஒரு பெயரும் எழுதாமல் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது, வேலையில்லாமல் சம்பளம் வாங்குகிறோமோ என்றுகூடத் தோன்றும்.

இத்தனை வருஷத்தில் நான் வாதத்தில் வென்றது இரண்டோ மூன்றோ தரம்தான், ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளோ ஊர் நிறைய.