என் மகள் மைக்கில் சொன்ன ஜெபம்

தையல்காரிக்கு ஊசி என்றால் பயம் என்று சொன்னால் நம்புவீர்களா? வடமதுரையில் பதினைந்து வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரி ஊசியைக் கண்டால் எனக்குக் கண் இருட்டிவிடும். அப்படிப்பட்ட எனக்குக் கர்த்தர் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் அரையாண்டுப் பரீட்சை சமயம். என் மகள் ஜெனிக்கு ஒன்பது வயது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஆனாலும் நாளுக்கு நாள் மெலிந்தாள். பரீட்சை பயம் என்று நினைத்தோம். ஒருநாள் வகுப்பிலேயே சுருண்டு விழுந்தாள். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் தீவிர சிகிச்சை. "சின்னப் பிள்ளைகளுக்கு வர்ற சுகர். தினமும் நாலு வேளை இன்சுலின் போடணும், நிறுத்தவே கூடாது" என்றார் டாக்டர். எனக்கு உலகமே நின்றுபோனது.

போட்டுப் பழக, நர்ஸ் என் கையில் ஒரு சாத்துக்குடியையும் ஊசியையும் கொடுத்தார். குத்தினேன். கண் விழித்தபோது ஜெனியின் கட்டிலில் நான் படுத்திருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

என் கணவர் மில் பஸ் டிரைவர். அவர்தான் வேலைக்கு நடுவே ஓடி ஓடி வந்து ஊசி போட்டார். நான் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, இந்த நோயை வேரோடு எடுத்துப்போடும்." ஒரே ஜெபம். பதில் வரவில்லை. ஜெபிக்கவும் மனமில்லாமல் அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் சிறுபிள்ளைகளை அழைத்து ஜெப விண்ணப்பம் சொல்லச் சொன்னார். ஜெனி மைக்கை வாங்கினாள்.

"இயேசப்பா, எங்கம்மாவுக்கு ஊசின்னாப் பயம். நேத்து எனக்குப் போட வந்து தலகாணிக்குப் போட்டுட்டாங்க. அப்புறம் அப்பா வந்துதான் போட்டாரு. அம்மாவுக்குத் தைரியம் குடுங்க. தலகாணிக்குச் சுகர் இல்ல. ஆமென்."

சபையே சிரித்தது. பாஸ்டர் ஆமென் சொல்ல வாயெடுத்து, முடியாமல், தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

"ஏண்டி, கேக்குறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா?" என்றேன் வழியில்.

"எனக்குச் சுகமாகணும்னு அம்புட்டுப் பேரும் கேக்குறீங்கல்ல? இதைத்தான் யாருமே கேக்கல."

அந்தப் புதன்கிழமை பள்ளியிலிருந்து காய்ச்சலோடு வந்தாள். ஓயாத வாந்தி. சர்க்கரை பார்க்கும் மீட்டரில் எண்ணே வரவில்லை. அளவு அதற்கும் மேலே போயிருந்தது. கணவர் வேடசந்தூருக்கு அந்தப்பக்கம் பஸ்ஸில் இருந்தார். டாக்டர் போனில் அளவு சொல்லி, "இப்பவே போட்டுட்டு உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஜெனி சுவரில் சாய்ந்திருந்தாள். "பயமா இருக்கும்மா" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஜெபிக்கக் கண்ணை மூடினேன். கண்ணை மூடிக்கொண்டு எப்படி ஊசி போடுவது? திறந்துகொண்டே, "இயேசப்பா, பிடிச்சுக்கோங்க" என்றேன். பிரியமானவர்களே, எனக்குக் கண் இருட்டவில்லை. போட்டேன். எடுத்தேன். மூடியையும் மாட்டினேன். பிறகு மயங்கி விழுந்தேன். ஊசி போடத்தான் ஜெனி தைரியம் கேட்டிருந்தாள். அதற்குப் பிந்தியதைக் கேட்கவில்லை.

அவளே அப்பாவுக்குப் போன் செய்தாளாம். "அப்பா, எனக்கு ஊசி போட்டாச்சு. அம்மா விழுந்துட்டாங்க. ஆட்டோ வரச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும்."

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தோம். "சரியான நேரத்துல போட்டுட்டீங்க" என்றார் டாக்டர். என் கணவர் மட்டும், "நீயா போட்ட?" என்று மூன்று தடவை கேட்டார்.

நோய் இன்னும் இருக்கிறது. சுகத்துக்காக இன்னும் ஜெபிக்கிறோம். இன்சுலினை ஒருவேளைகூட நிறுத்தவில்லை. அதுவும் அவர் தந்ததுதான். ஆனால் என் பயம் போய்விட்டது. இப்போது மயங்குவதுமில்லை. பெரிய விண்ணப்பம் ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருக்கிறவர்களே, இன்று மதியத்துக்கு வேண்டியதையும் வெட்கப்படாமல் அவரிடம் கேளுங்கள்.

ஜெனி இப்போது தானே ஊசி போடப் பழகிவிட்டாள். நான் பக்கத்தில் நின்று, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்பேன்.

"அம்மா, மனசுக்குள்ள சொல்லுங்க. ஊசிய எடுக்குறதுக்கு முன்னாடி பத்து எண்ணணும். உங்களால எண்ணிக்கை தப்புது" என்பாள்.

மனதுக்குள் சொல்கிறேன். அவருக்குக் கேட்கிறது.